பழைய கப்பலும் வாங்குவோர் கண்ணும்

மாடு வாங்கச் செல்பவன் முதலிற் பல்லைப் பார்க்கிறான். பின்பு சுழி பார்க்கிறான். காணி வாங்குபவன் உறுதியை நொத்தாரிசிடம் கொடுத்துத் தோம்பைப் புரட்டுவிக்கிறான். வீடு வாங்குபவன் கிணற்று நீரை அள்ளிக் குடித்துப் பார்க்கிறான். பழைய பாய்க்கப்பலை வாங்க வருபவனுக்கோ காரியம் இத்துணை எளிதன்று. அவன் வாங்கும் பொருளிற் பாதி நீருக்குள் மறைந்து கிடக்கின்றது. நடுக்கடலில் அவன் உயிரைத் தாங்கப் போவது மறைந்து கிடக்கும் அந்தப் பாதியே.

பெருங் கடற்பயணங்களைப் பற்றிப் பேசும்போது தலைவர்களின் துணிவைப் பேசுகின்றோம். கப்பல் கட்டியோரின் திறமையையும் ஓரளவு பேசுகின்றோம். ஆனால், துறையில் நின்ற ஒரு பழைய கப்பலைச் சுற்றிவந்து, சுத்தியலால் தட்டிப் பார்த்து, ‘இது கடலுக்கு ஆகும்’, ‘இது ஆகாது’ என்று சொன்ன மனிதர்களைச் சரித்திரம் அதிகம் நினைப்பதில்லை. அவர்களுடைய ஒரு சொல்லிற் பல உயிர்கள் தொங்கின. அத்தகைய சொற்கள் சிலவற்றின் வரலாறே இன்றைய எமது பொருள்.

பரிசோதிப்பவன் எதைத் தேடுகின்றான் என்பதை முதலில் அறிதல் வேண்டும். மரக்கப்பலுக்குப் பகைவர் மூவர்.

முதற் பகைவன் கப்பற்புழு. வெப்பக் கடல்களில் இது மிகுதி. புழு என்று பெயர் பெற்றபோதிலும் இது சிப்பியினத்தைச் சேர்ந்த ஓர் உயிர். மிக இளம் பருவத்திலே ஊசிமுனையளவு துளையிட்டுப் பலகையினுள் நுழைந்து, உள்ளேயே வளர்ந்து, மரத்தைக் குடைந்துகொண்டே செல்லும். வெளியில் நின்று பார்ப்பவனுக்கு ஒரு சிறு புள்ளியன்றி வேறொன்றுந் தெரியாது. உள்ளே பலகை தேன்கூடு போலாகிவிடும்.

இரண்டாவது பகைவன் உக்கல். உப்புநீரே மரத்தைக் கெடுக்கின்றது என்று எண்ணுவோர் பலர். உண்மை அதற்கு மாறானது. உப்பில் ஊறிய பலகை நெடுங்காலம் நிலைக்கும். மேற்றளத்தின் பொருத்துக்களூடாகக் கசிந்து, காற்றோட்டமற்ற மூலைகளிலே தங்கும் மழைநீரே ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்த்து மரத்தை உக்கச் செய்கின்றது. ஆகவே, கீழிருந்து புழுவாலும் மேலிருந்து மழையாலும் கப்பல் அழிகின்றது. ஓடாமல், திறவாமல், கவனிப்பாரற்றுத் துறையிலே கட்டிக் கிடக்கும் கப்பல், புயலைக் கடந்துவரும் கப்பலிலும் விரைவாகக் கெடுவது இதனாலேயாம்.

மூன்றாவது பகைவன் வெளியிலிருந்து வருபவனல்லன். கப்பலைக் கட்டியபோதே உள்ளே வைக்கப்பட்டவன். அவன் ஆணி. இரும்பாணி துருவேறினாற் றான் தேய்வதோடு நில்லாது, தன்னைச் சூழ்ந்த மரத்தையுங் கறுப்பாக்கி இளக்கிவிடும். பலகை நல்லதாக இருக்கலாம். அது பொருந்தி நிற்கும் வங்கும் நல்லதாக இருக்கலாம். இரண்டையுஞ் சேர்த்துப் பிடிக்கும் ஆணி செத்துவிட்டால் அது கப்பலன்று, மிதக்கும் மரக்குவியலே.

இப்பகைவர் மூவரையுங் கண்டுபிடிக்கப் பழைய காலத்துத் தச்சரிடம் இருந்த கருவிகள் மிகச் சில. ஒரு சுத்தியல், ஒரு கூரிய கத்தி, ஒரு விளக்கு. இவற்றுக்கு மேலாகக் காதும் மூக்கும் கையும். நல்ல மரத்தைத் தட்டினால் ஓசை கணீரென்று எழும். உக்கிய மரம் மந்தமான ஓசை தரும். கத்திமுனை நல்ல பலகையில் ஏறாது; கெட்ட பலகையிலே வாழைத்தண்டில் ஏறுவது போல் இறங்கும். கப்பலைக் கரையேற்றி, ஏராவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கண்ணோட்டம் விட்டுப் பார்த்தால் அது நேராக நிற்கின்றதா, நடுவிலே முதுகு வளைந்துவிட்டதா என்பது புலனாகும். முதுகு வளைந்த கப்பல் வயது முதிர்ந்த கப்பல். அதற்கு மருந்து அரிது. அடித்தட்டைத் தூக்கி, அங்கே தேங்கிய நீரின் அளவையும் மணத்தையும் அறிவர். பாய்மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்ப்பதிலும், அது தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தையும் அடியில் ஊன்றி நிற்கும் குழியையும் குனிந்து பார்ப்பதே பயன் தருவது. கயிற்றை வாங்கினால் அதன் முறுக்கை விரித்து உட்புறத்து நாரைப் பார்ப்பர், வெளிநார் வெயிலில் வெளுத்திருந்தாலும் உள்நார் நன்றாயிருக்கலாம், மாறாகவும் இருக்கலாம். சுக்கான் தொங்கும் கீல்களை ஆட்டிப் பார்ப்பர். எல்லாவற்றிலும் மேலாக, அண்மையிற் பூசப்பட்ட வர்ணத்தைக் கண்டால் ஐயுறுவர். விற்கும் நாளிற் புதுவர்ணம் ஏன் பூசினான் என்பதே அனுபவசாலி கேட்கும் முதற் கேள்வி.

இவ்வறிவு முதலிலே தனிமனிதரின் கைப்பழக்கமாகவே இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் இலண்டன் நகரத்து வணிகர் இதனை ஏட்டிலேற்ற முனைந்தனர். எட்வேட் லொயிட் என்பவரின் கோப்பிக்கடையிற் கூடிய காப்புறுதி வணிகர், தாம் பொறுப்பேற்கும் கப்பல்களின் நிலையை அறிய விரும்பி 1760ஆம் ஆண்டில் ஒரு சங்கமாயினர். அவர்கள் வெளியிட்ட பதிவேடுகளில் இன்று கிடைப்பனவற்றுள் மிகப் பழையது 1764 முதல் 1766 வரையான காலத்துக்குரியது. அதிலே கப்பலின் உடலுக்கு ஆங்கில உயிரெழுத்து ஐந்தினால் வரிசையாகத் தரமிட்டனர்; பாய், கயிறு, நங்கூரம் முதலிய தளபாடங்களுக்கு நன்று, நடுத்தரம், தீது என மூன்று தரங்கள் இட்டனர். முதல்தரமான பொருளை இன்றும் ‘ஏ வண்’ என்று சொல்கின்றோமல்லவா? அது அப்பதிவேட்டின் பிற்காலத் தரக்குறியீட்டிலிருந்து பிறந்த வழக்கே. உல்லாசப் பாய்க்கலங்களுக்கெனத் தனிப் பதிவேடு 1878ஆம் ஆண்டில் வெளிவந்தது.

பதிவேடு பிறந்த அதே காலத்திலே, ஒரு பழைய கப்பலைப் பரிசோதித்து வாங்கிய செயல் உலகப்படத்தையே மாற்றியது. 1769ஆம் ஆண்டு யூன் 3ஆம் நாள் வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடந்து செல்லும் என்று வானநூலார் கணித்திருந்தனர். அதனைத் தென்கடலில் நின்று நோக்க ஒரு கப்பலை அனுப்பவேண்டுமென இங்கிலாந்தின் அரச கழகத்தார் மன்னரை வேண்டினர். கடற்படையினர் தம்மிடமிருந்த கப்பல்களையே முதலில் ஆராய்ந்தனர். ஒன்று திருத்தி முடிக்கக் காலம் போதாது. மற்றொன்றிலே நெடும்பயணத்துக்கு வேண்டிய உணவை ஏற்ற இடம் போதாது. ஆகவே வணிகர் கப்பலொன்றை விலைக்கு வாங்குவதெனத் தீர்மானித்து, தேம்ஸ் ஆற்றில் நின்றவற்றைப் பார்வையிடும்படி டெற்போட் கப்பற்றளத்து அலுவலருக்குக் கட்டளையிட்டனர்.

1768 மார்ச்சு மாதத்தில் அவர்கள் தேர்ந்த கப்பலின் பெயர் ‘ஏள் ஒவ் பெம்புறோக்’. அது போர்க்கப்பலன்று, அழகிய கப்பலுமன்று. வட இங்கிலாந்தின் விற்பித் துறையில் தோமஸ் பிஷ்பேண் என்பவர் 1764ஆம் ஆண்டிற் கட்டிய நிலக்கரிக் கப்பல் அது. நீளம் ஏறத்தாழ 98 அடி. அகலம் 29 அடி. கொள்ளளவு 368 தொன். மூக்குப் பருத்தது, அடி தட்டையானது, வேகங் குறைந்தது. சிங்காரக் கண்ணுக்கு அதிலே குறையே தெரியும். டெற்போட் தச்சரின் கண்ணுக்கோ வேறு தெரிந்தது. நாலு வயதுக்கு உட்பட்ட கப்பல், வைரமான மரம், அகன்ற வயிறு, கரையிலே தட்டினாலுஞ் சாயாது நிற்கத்தக்க தட்டையான அடி. துறைமுகமில்லாத நாடுகளிற் கரையேற்றித் திருத்துவதற்கு இத்தகைய அடியே வேண்டும். உடலுக்கும் பாய்மரங்களுக்குமாக 2,800 பவுணுக்குச் சற்று அதிகமான விலை கொடுத்து அதனை வாங்கி, ‘என்டெவர்’ எனப் பெயரிட்டனர். புழுவைத் தடுக்க, கப்பலின் அடிக்கு மேலே மெல்லிய பலகையால் இரண்டாவது தோல் ஒன்று போர்த்தி, அதில் அகன்ற தலையுள்ள ஆணிகளை நெருக்கமாக அறைந்தனர். செப்புத்தகடு பொதியும் முறை அப்போது புதிதாக வந்திருந்தது; ஆயினும் நெடுந்தூரத்தில் அதைத் திருத்த இயலாதென்று தவிர்த்தனர்.

இக்கப்பலைக் கப்டன் குக் தாமே தேர்ந்தார் என்று பலர் எண்ணுவர். அது அவ்வாறன்று. கப்பல் வாங்கப்பட்டது மார்ச்சு மாதத்தில். குக் அதற்குத் தலைவராகப் பதவிப் பத்திரம் பெற்றது மே மாதத்தில். விற்பி நகரத்து நிலக்கரிக் கப்பல்களிலே தொழில் பயின்றவர் குக் என்பதனால் அதன் குணத்தை அவர் நன்கு அறிந்திருந்தார் என்பது உண்மை. ஆனால் முதலில் அதை ‘ஆகும்’ என்று சொன்னவர் கப்பற்றளத்து அலுவலரே.

அவர்கள் சொல் 1770 யூன் 11ஆம் நாள் இரவு சோதிக்கப்பட்டது. அவுஸ்திரேலியாவின் கீழ்க்கரையிலே என்டெவர் பவளப்பாறையில் மோதி நின்றது. பீரங்கிகள் உட்பட நாற்பது, ஐம்பது தொன் பாரத்தைக் கடலில் வீசிய பின், ஏறத்தாழ ஒரு நாள் கழித்தே கப்பல் பாறையினின்று மீண்டது. கம்பளி நாரும் கயிற்று நாரும் தைத்த பாயொன்றை அடியிற் போர்த்து நீரைத் தடுத்தவாறு ஓர் ஆற்றுமுகத்தை அடைந்தனர். அங்கே கப்பலைக் கரையேற்றிப் பார்த்தபோது, உடைந்த துளையிற் பெரும் பகுதியைப் பாறையின் ஒரு துண்டே அடைத்துக்கொண்டிருக்கக் கண்டனர். அது தெய்வாதீனம் என்போம். ஆனால் கப்பலை ஆற்றங்கரையில் ஏற்றிச் சாயாது நிறுத்த முடிந்தது தெய்வாதீனமன்று; தட்டையான அடியைத் தேர்ந்தவரின் மதியே அது. கூரிய அடியுள்ள அழகிய கப்பலொன்றை வாங்கியிருந்தால் அவ்விடத்தில் அதனைத் திருத்துதல் மிகக் கடினமாயிருந்திருக்கும்.

அவ்வாண்டு ஒக்டோபரில் என்டெவர் பத்தாவியாவை அடைந்தது. அக்காலத்தில் எமது இலங்கைக் கரையோரத்தையும் ஆண்ட ஒல்லாந்தக் கம்பனியின் கீழைத் தலைநகரம் அது. அங்குள்ள கப்பற்றளத்திலே கப்பலைச் சரித்து முழுமையாக ஆராய்ந்தனர். சில பலகைகளைப் புழு அரித்து, ஓர் அங்குலத்தின் எட்டிலொரு பங்கு கனமே எஞ்சியிருந்தது. இத்தகைய அடியோடு கப்பல் எவ்வாறு மிதந்துவந்தது என்று பார்த்தோர் யாவரும் வியந்தனர் எனக் குக் எழுதிவைத்தார். அங்கே தங்கிய நாள்களில் வந்த காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் அந்நகரிலும் பின் கடலிலுமாக ஏறத்தாழ முப்பது பேரைக் கொன்றன. கப்பலின் குறையைத் தச்சர் திருத்தினர். மனிதரின் நோயைத் திருத்தும் அறிவு அன்று இருக்கவில்லை. 1771 யூலையில் என்டெவர் இங்கிலாந்து திரும்பியது. அடுத்த பயணத்துக்குக் கப்பல் வேண்டியபோது அதே விற்பித் துறையிற் கட்டிய இரு கப்பல்களையே வாங்கினர் என்பதிலிருந்து குக்கின் தீர்ப்பு எதுவென்பதை அறியலாம்.

இக்கப்பலின் கதையில் இதனினுஞ் சுவையான பகுதி ஒன்றுண்டு. 1775ஆம் ஆண்டிலே கடற்படையினர் அதை 645 பவுணுக்கு விற்றனர். புதிய சொந்தக்காரர், அமெரிக்கப் போருக்குப் படையேற்றிச் செல்லும் கப்பலாக அதை அரசுக்கே வாடகைக்குக் கொடுக்க முன்வந்தார். அலுவலர் பார்த்து ஆகாதென்றனர். அவர் அதற்கு ‘லோட் சான்ட்விச்’ எனப் புதுப்பெயர் சூட்டி மறுபடியும் முன்வைத்தார். டெற்போட் அலுவலர் ஏமாறவில்லை. இது சேவைக்கு உதவாது. முன்பு என்டெவர் என்ற பெயரில் எமது சேவையிலிருந்து விற்கப்பட்டதும், ஏற்கெனவே மறுக்கப்பட்டதுமான கப்பலே இது என்ற கருத்துப்பட அறிக்கை எழுதினர். முறையாகத் திருத்தியபின் மூன்றாந்தடவையே அதனை ஏற்றனர். புகழ்பெற்ற கப்பல் என்பதற்காக இரங்கவுமில்லை. புதுப்பெயரைக் கண்டு மயங்கவுமில்லை. பரிசோதகனின் நேர்மைக்கு இதனிலும் நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

1778ஆம் ஆண்டிலே பிரெஞ்சுக் கப்பற்படையின் வழியை அடைப்பதற்காக அமெரிக்காவின் நியூபோட் துறைமுகத்தில் அக்கப்பலை மூழ்கடித்தனர். அங்குள்ள சிதைவொன்று என்டெவரே என்று அவுஸ்திரேலியத் தேசியக் கடல்சார் நூதனசாலையினர் 2022ஆம் ஆண்டில் அறிவித்தனர். அவ்வறிவிப்புக் காலத்துக்கு முந்தியது என அமெரிக்க ஆய்வாளர் அப்போது மறுத்துரைத்தனர். எஞ்சிய மரத்தைக் கப்பற்புழு இன்னும் அரித்து வருகின்றதென்பதும் அவ்வாண்டிற் பேசப்பட்ட செய்தி. பத்தாவியாவிற் கண்ட பகைவன் ஓயவில்லை.

அரசாங்கத்துக்குத் தச்சர் உண்டு. தன் பணத்தைக் கொடுத்து உல்லாசப் பாய்க்கலம் வாங்கும் தனிமனிதன் என் செய்வான்? அவனுக்குப் பாடமாக நிற்பது ‘அமெரிக்கா’ என்னும் கலத்தின் கதை. நியூயோர்க்கிலே ஜோர்ஜ் ஸ்ரீயேர்ஸ் என்பவர் வரைந்து, 1851ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்டது அது. அதனைக் கட்டுவித்த செல்வந்தர் விலையாக 30,000 டொலர் பேசி, கலம் வேகத்தில் எல்லாரையும் வெல்லாவிடின் ஏற்கமாட்டோம் என்று ஒப்பந்தத்திலே எழுதிக்கொண்டனர். வெள்ளோட்டத்தில் வேறொரு கலத்துக்கு அது தோற்றது. உடனே விலையை 20,000 டொலராகக் குறைத்தே வாங்கினர். புதுக்கலத்தையும் ஓட்டிப் பார்த்தே வாங்கவேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

1851 ஓகத்து 22ஆம் நாள் ஆங்கிலக் கலங்களையெல்லாம் வைற் தீவைச் சுற்றிய பந்தயத்திலே அது வென்றது. அவ்வெற்றியாற் பிறந்த கிண்ணமே, இலங்கைத் தேயிலையாற் பெரும்பொருள் ஈட்டிய சேர் தோமஸ் லிப்டன் 1899 முதல் 1930 வரை ஐந்து முறை போட்டியிட்டும் பெறாத ‘அமெரிக்காக் கிண்ணம்’. வென்ற சில நாள்களில் பிரபு ஒருவர் கலத்தை ஏறத்தாழ 5,000 பவுணுக்கு வாங்கினார். பின்னர் அது கைமாறிப் பெயரும் மாறி, பராமரிப்பின்றித் துறையிலே கிடந்தது. 1858ஆம் ஆண்டளவில் தேம்ஸ் நதிக்கரையின் நோத்புளீற் என்னுமிடத்துக் கப்பற் கட்டுநர் ஒருவரிடம் வந்தபோது, ஏழே ஆண்டுகளில் அதன் மரங்கள் உக்கிப் போயிருந்தன. அவர் கெட்ட மரங்களை அகற்றி மீளக் கட்டினார். வாங்கியோர் கண்டது புகழை. மீளக் கட்டியவர் கண்டது மரத்தை. அவர் செய்த திருத்தத்தின் வலிமையினாலே, அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862ஆம் ஆண்டு புளொறிடாவின் ஆறொன்றில் மூழ்கடிக்கப்பட்டு மீட்கப்பட்ட பின்னும் அக்கலம் பல்லாண்டு ஓடியது. 1942 மார்ச்சில், அது வைக்கப்பட்டிருந்த கொட்டகையின் கூரை பனிப்பாரத்தால் இடிந்து வீழ்ந்து அதனை நொறுக்கியது. 1945இல் எஞ்சியதையும் பிரித்துவிட்டனர்.

பொருளில்லாதவன் வேறொரு வழியை மேற்கொண்டான். யோசுவா சிலோக்கம் என்பவர் பெருங்கப்பல்களின் தலைவராக இருந்து, நீராவிக் கப்பல்கள் பெருகியதாற் றொழிலிழந்து நின்றவர். 1892ஆம் ஆண்டிலே நண்பரான முதிய கப்பற்றலைவர் ஒருவர், தம்மிடம் ஒரு கப்பல் உண்டு; சிறிது திருத்தம் வேண்டும்; தருகிறேன் என்றார். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பெயாஹேவன் என்னும் ஊருக்குச் சென்று பார்த்தபோது, ‘ஸ்பிரே’ என்னும் பழைய சிப்பிப் படகு கடலிலேயே இல்லை; புல்வெளியிலே முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டிருந்தது. அதைப் பிரித்து விறகாக்கவே வந்தார் போலுமென்று ஊரவர் எண்ணினர். சிலோக்கமோ மீளக் கட்டப்போவதாகச் சொன்னார்.

மற்றையோர் மறைந்த குறையைத் தேடி அலைய, அவர் ஐயத்துக்கே இடம் வையாத வழியை எடுத்தார். அருகில் நின்ற ஓக்கு மரத்தை வெட்டி ஏராவாக்கினார். வங்குகளை நீராவியில் வேகவைத்து வளைத்தார். பழைய உறுப்பொவ்வொன்றையும் நீக்கிப் புதிதாக வைத்தார். பலகைகளின் இடைவெளியிற் கலப்பற்றுச் செய்தார். பதின்மூன்று மாதம் உழைத்தார். செலவு 553 டொலரும் 62 சதமும் என்று கணக்கெழுதினார். நீளம் 36 அடி 9 அங்குலம். 1895 ஏப்பிரல் 24ஆம் நாள் பொஸ்டன் நகரை விட்டுத் தனியாகப் புறப்பட்டு, 1898 யூன் 27ஆம் நாள் நியூபோட்டை அடைந்தார். தனிமனிதன் ஒருவன் பாய்க்கலத்தில் உலகைச் சுற்றியது அதுவே முதன்முறை. தன் கப்பலின் ஒவ்வோர் ஆணியையும் தன் கையாலே அறைந்தவனுக்கு நடுக்கடலில் இரவு நித்திரை வரும். ஆயினும் மரத்துக்கு மூப்பு உண்டு, மனிதனுக்கும் உண்டு. 1909ஆம் ஆண்டளவில் அதே ஸ்பிரேயிற் றெற்கு நோக்கிப் புறப்பட்ட அவர் திரும்பவில்லை. கலத்தின் தடயமுங் கிடைக்கவில்லை. ஒருமுறை நன்றெனக் கண்ட கப்பல் என்றும் நன்றாயிருக்கும் என்பதில்லை. பரிசோதனை ஒவ்வொரு பயணத்துக்கும் உரியது.

இனி எமது கரைக்கு வருவோம். வல்வெட்டித்துறை வணிகரின் கப்பல்கள் பர்மாவுக்கும் இந்தியத் துறைகளுக்குஞ் சென்று அரிசியும் மரமும் ஏற்றிவந்த காலத்திலே, 1930ஆம் ஆண்டளவில் அவ்வூரிற் கட்டப்பட்ட பாய்க்கப்பல் ‘அன்னபூரணி அம்மாள்’. நீளம் ஏறத்தாழ 89 அடி. கட்டிய மரம் வேம்பு. அதனை விலைக்கு வாங்கியவர் வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர். செல்வச் செருக்கால் கண்டதை வாங்கும் பிரபுவல்லர் அவர். 32 அடி நீளமுள்ள சிறு பாய்க்கலத்தில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்தவர். பிற்காலத்திலே தாமே கப்பற்றளம் நடத்தியவர். பாய்க்கலங்களின் குற்றங் குறை அறிந்த அத்தகைய ஒருவர், வரைபடம் கற்ற எந்திரிகளின் துணையின்றி ஊர்த்தச்சர் கட்டி, சரக்கேற்றி உழைத்து வந்த ஒரு கப்பலை, அத்திலாந்திக்கைக் கடக்கத் தக்கதென்று தேர்ந்தார். தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் பணிபுரிய அது புறப்பட்டு, 1938ஆம் ஆண்டிலே மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர்த் துறையை அடைந்தது.

இச்செய்தியை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கின்றோம். பெருமைக்கு அடியிலே கிடக்கும் பொருளையும் எண்ணிப் பார்த்தல் தகும். றொபின்சன் அக்கப்பலை வாங்குமுன் அதனைப் பரிசோதித்தவர் வேறொருவர் உண்டு. தோப்பிலே நின்ற வேம்பைச் சுற்றிவந்து, பொந்தும் வெடிப்பும் உண்டோவென்று பார்த்து, இந்த வளைவு வங்குக்கு ஆகும், இந்த நேர்மரம் பலகைக்கு ஆகும் என்று குறிவைத்த மேத்திரியாரே அவர். கசப்பு மரமாகிய வேம்பைக் கறையான் எளிதில் அணுகாதென்பதை நூலிற் படித்தல்ல, வீட்டு வளையிலும் கதவிலுங் கண்டறிந்த அறிவு அது. கப்பலின் முதற் பரிசோதனை மரந் தறிக்குமுன்னரே நடந்துவிடுகின்றது. அதிலே தவறினவன் கட்டிய கப்பலைப் பிறகு எந்தச் சுத்தியலும் காப்பாற்றாது.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி உல்லாசக் கலங்கள் கண்ணாடி நாரினாற் செய்யப்பட்டு வருகின்றன. அவற்றைப் புழு அரிப்பதில்லை. உக்கலும் அவற்றின் நாரை அணுகாது. ஆயினும் நீர் உட்புகுந்து தோலிலே கொப்புளம் எழுவதுண்டு. உள்ளே வைத்த மரமும் பஞ்சணையும் ஊறிக் கெடுவதுண்டு. ஈரத்தை அளக்கும் கருவிகள் இன்று உண்டு. அவற்றைக் கையிற் பிடித்துச் செல்லும் பரிசோதகர், மற்றக் கையிலே ஒரு சிறு சுத்தியலையுங் கொண்டு செல்கிறார். தட்டிக் கேட்கும் ஓசைக்கு ஈடான கருவி இன்னும் முற்றாக வந்துவிடவில்லை. வாங்குமுன் கலத்தை நீரினின்று தூக்கிப் பார்த்தல், பாய்விரித்து ஓட்டிப் பார்த்தல் என்னும் இரண்டும் இன்றும் மாறா விதிகள்.

டெற்போட் அலுவலர் 1768ஆம் ஆண்டிலும் 1775ஆம் ஆண்டிலும் எழுதியவை ஏட்டில் நின்றமையால், இருநூற்றைம்பது ஆண்டு கழித்தும் அவர்கள் எதைக் கண்டனர், எதை மறுத்தனர் என்பதை நாம் அறிகின்றோம். எமது கரையோரத்து மேத்திரிமாரின் அறிவோ பெரும்பாலும் தகப்பன் கையிலிருந்து மகன் கைக்குச் சென்றது. பாய்க்கப்பற்றொழில் குன்றியபோது அந்தக் கைகளும் குறைந்தன. ஏரா, வங்கு, பருமல், கலப்பற்று என்னுஞ் சொற்கள் அகராதியில் இருக்கின்றன. அச்சொற்களைக் கையாற் செய்துகாட்டியோரின் பெயர்கள் ஊர்ப் பெரியோரின் நினைவிலே ஆங்காங்கு தங்கியுள்ளன. கரையோர ஊர்களிலே கற்பிக்கும் ஆசிரியர்கள் மாணவரைக் கொப்பியும் பென்சிலுமாக அப்பெரியோரிடம் அனுப்பி, எந்த மரத்தை எதற்காகத் தேர்ந்தார்கள், எந்த ஓசையைக் கேட்டு எதை விலக்கினார்கள் என்று கேட்டு எழுதுவிக்கலாம். சரித்திர பாடத்துக்கு அது ஒரு வார வேலை. காலம் கடந்தபின் அதனைச் செய்யமுடியாது.